லாங் பிராஞ்ச் தந்த த்ரீ நாட் த்ரீ

ராணுவம் கழித்துவிட்ட பழைய ரைபிள்களில் ரஷ்யாவின் மோசின் நகாந்தைச் சுட்டிருக்கிறேன், ஸ்வீடன் மவுசரையும் சுட்டிருக்கிறேன். இரண்டும் அருமையானவைதான். ஆனால் லீ என்ஃபீல்டு நம்பர் 4-ஐத் தோளில் வைத்த பிறகு மனசு வேறெங்கும் போகமாட்டேன் என்கிறது! நம்மூர் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் சென்ட்ரி கையில் பார்த்துப் பார்த்து வளர்ந்தோமே, அந்த த்ரீ நாட் த்ரீயின் தம்பி இது.

என்னுடையது 1943-ல் லாங் பிராஞ்ச் தொழிற்சாலையில் செய்தது. கனடாவில் டொராண்டோவை ஒட்டிய ஏரிக்கரை, இன்றைய மிசிசாகா. போர்க்காலத்தில் அங்கே வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட ரைபிள்கள் அந்தக் கைகள் வழியாகப் போயிருக்கின்றன. அதைவிடச் சந்தோஷமான சேதி, போல்ட்டை வடிவமைத்த ஜேம்ஸ் பாரிஸ் லீ சிறுவயதில் வளர்ந்ததும் இதே ஒன்டாரியோ மாகாணத்தில், கால்ட் என்ற ஊரில்தான்.

அந்த போல்ட் இருக்கிறதே, அடடா! மவுசரில் பூட்டும் பற்கள் போல்ட்டின் முன்முனையில் இருக்கும், லீயில் பின்பக்கம். அதனால் இழுக்கும் தூரம் குறைவு, கைப்பிடியைத் தூக்கும் கோணமும் குறைவு. ஸ்பிரிங் இறுகுவது முன்னே தள்ளும்போது மட்டும். ஆகவே திறப்பதற்கு பலமே வேண்டாம், வெண்ணெயில் விரல் விட்டது மாதிரி வழுக்கிக்கொண்டு வரும். கன்னத்தைக் கட்டையிலிருந்து எடுக்காமலே அடுத்த தோட்டா ஏறிவிடும். மவுசருக்கும் மோசினுக்கும் ஐந்து தோட்டாதான், இதற்குப் பத்து! முதல் உலகப்போருக்கு முந்தைய பிரிட்டிஷ் சிப்பாய் இதன் அண்ணனை வைத்து 300 கெஜத்தில் நிமிடத்துக்குப் 15 தடவை குறிபார்த்துச் சுட்டான் என்றால் நம்பாமல் என்ன செய்வது?

ஐந்தைந்தாகக் கிளிப்பில் அடுக்குவதற்கு மட்டும் பொறுமை வேண்டும். மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் உட்கார வேண்டும், மாறினால் சிக்கிக்கொள்ளும்.

போர் அவசரத்தில் பீப்பாய்க்குள் தோட்டாவைச் சுழலவைக்கும் ஐந்து வரிப்பள்ளங்களுக்குப் பதில் இரண்டே வரி வெட்டி அனுப்பினார்கள். என் ரைபிளுக்கும் அந்த இரண்டு வரிதான். ஆனாலும் நூறு கெஜத்தில் ஐந்து தோட்டாவும் என் உள்ளங்கைக்குள் அடங்குகிற மாதிரி விழுகின்றன. வடக்குப் பனிப்பிரதேசத்தில் கனேடியன் ரேஞ்சர்கள் 1947 முதல் எழுபது வருஷம் இதை நம்பித் திரிந்தது சும்மா இல்லை.

சுட்டு முடித்த சாயங்காலமும் எனக்குப் பிடித்தது. பழைய ராணுவத் தோட்டாவின் பிரைமர் உப்பைக் கக்கும். கொதிநீரை பீப்பாய்க்குள் ஊற்றிக் கழுவி, துடைத்து, எண்ணெய் விட்டே ஆகவேண்டும். மரக்கட்டைக்கு ஆளிவிதை எண்ணெய்.

உரிமம் எடுத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாங்கும்போது போல்ட் கைப்பிடியில் உள்ள எண்ணும் ரைபிளின் எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள். பீப்பாய்க்குள் வெளிச்சம் விட்டுப் பாருங்கள். வேட்டைக்காக முன்கட்டையை அறுத்துவிட்ட ரைபிள்கள் இங்கே மலிந்து கிடக்கின்றன. அறுக்காத ஒன்று கண்ணில் பட்டால் விட்டுவிடாதீர்கள், தயவுசெய்து அதன் பக்கம் ரம்பத்தையும் கொண்டுபோகாதீர்கள்.