ஈகன் அறிக்கையில் எனக்கு உறுத்தும் ஓர் இடம்

பிரிட்டனில் 1998இல் வெளிவந்த ‘ரீதிங்கிங் கன்ஸ்ட்ரக்‌ஷன்’ அறிக்கையை மறுபடி படித்தேன். குழுத் தலைவர் சர் ஜான் ஈகன், ஜாகுவார் கார் கம்பெனியை நடத்தியவர். தொழிற்சாலையில் பலித்த தரமேலாண்மை கட்டடத்திலும் பலிக்கும் என்பதுதான் அறிக்கையின் அடிநாதம். டிசைன் செய்பவர் ஒரு பக்கம், கட்டுபவர் ஒரு பக்கம், யார் குறைவாகக் கேட்கிறாரோ அவருக்கே டெண்டர். நோயை இப்படிச் சரியாகவே பிடித்திருக்கிறார்கள்.

எனக்குச் சண்டை மருந்தோடுதான். வருஷா வருஷம் செலவும் கட்டும் காலமும் 10 சதவீதம் குறையணும், குறைபாடுகள் 20 சதவீதம் குறையணும், உற்பத்தித்திறன் 10 சதவீதம் கூடணும் என்கிறது. டெமிங்கின் 14 கொள்கைகளைப் படித்தவர்களுக்கு இது உறுத்தும். எண் இலக்குகளை ஒழியுங்கள் என்பதும் அந்த 14இல் இருக்கிறதே! அறிக்கை வழிமுறைகளைப் பற்றியும் பேசுகிறது, மறுக்கவில்லை. ஆனால் இலக்கைக் கையில் கொடுத்தால், வேலையை மாற்றுவதைவிடக் கணக்கை மாற்றுவது சுலபம்.

இதைவிட கிளென் பல்லார்டின் ‘லாஸ்ட் பிளானர்’ முறை எனக்குப் பிடிக்கிறது. வேலையை நேரில் நடத்துபவர்களே அடுத்த வாரம் எதை முடிப்போம் என்று வாக்குக் கொடுக்கிறார்கள். வார முடிவில் எத்தனை முழுசா முடிந்தது? 10இல் 6 என்றால் 60 சதவீதம். முக்கால்வாசி முடிந்த பூச்சு வேலைக்கு மார்க் கிடையாது, பூஜ்யம்தான். அதோடு விடுவதில்லை, ஏன் முடியலை என்று எழுதணும். மணல் வரலை. டிராயிங் வரலை. எலக்ட்ரீஷியன் இன்னும் சுவரில் பைப் பதிக்கலை. கொத்தனாரின் கை வேகத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? கூலி கொடுத்து ஆட்களைச் சும்மா நிற்கவைக்கிறோம், உற்பத்தித்திறன் ஒழுகுவது அங்கேதான். ‘ஆட்கள் சரியில்லை’ என்ற வழக்கமான புலம்பல் இந்தக் காரணப் பட்டியல் முன்னால் நிற்காது.

இந்தச் சதவீதமும் இலக்காக மாறினால் கெட்டுவிடும். மென்பொருளில் இதே மாதிரி ஸ்பிரின்ட் கணக்கு உண்டு. முன்பு ஓர் இடத்தில் அதை டீம் டீமாக ஒப்பிட்டு போர்டில் ஒட்டினார்கள். அடுத்த ஸ்பிரின்டிலேயே 10 வேலைக்குப் பதில் 6 வேலைக்குத்தான் வாக்குக் கொடுத்தோம், ஆறையும் முடித்தோம், 100 சதவீதம்! கைதட்டல்கூடக் கிடைத்தது. அதனால் கட்டட வேலையில் இதைக் கொண்டுவருபவர்கள் சதவீதத்தைத் தளத்திலேயே வைத்துக்கொண்டு, காரணப் பட்டியலை மட்டும் மேலே அனுப்பலாம். மணலும் டிராயிங்கும் வராததற்கு மேலே இருப்பவர்கள்தானே பதில் சொல்லணும்?