கேம்ஷாப்ட் தேர்வும் பெரிய எண்களின் மோகமும்

செவ்ரலே நிறுவனம் 1955-இல் வெளியிட்ட சிறிய வி-8 எஞ்சினையும் அதன் வழித்தோன்றல்களையும் திருத்தி வேகம் கூட்டுவதில் ஈடுபாடு கொண்ட அமெரிக்கர்கள், பல தலைமுறைகளாக ஒரு காரியத்தைத் தவறாமல் செய்து வருகிறார்கள். எஞ்சினைப் பிரித்தவுடன், அதனோடு வந்த கேம்ஷாப்டைக் கழற்றி ஒதுக்கிவிட்டு, வால்வுகளை இன்னும் உயரத் தூக்கி இன்னும் அதிக நேரம் திறந்து வைக்கக்கூடிய பெரிய கேம் ஒன்றை அந்த இடத்தில் பொருத்துகிறார்கள். பந்தயத் திடலுக்கு என்றே ஒதுக்கப்பட்ட வண்டியில் இதைக் குறைகூற எனக்கு உரிமை இல்லை. அன்றாடம் தெருவில் ஓட வேண்டிய காருக்கும் இதே வழக்கம் பரவியிருப்பதைப் பற்றித்தான் என் விசாரம். வழக்கம் அடியோடு பிழை என்று சொல்வதற்கில்லை. பெரும்பாலோர் அதை அனுசரிக்கும் முறையே பிழை என்பது என் திடமான அபிப்பிராயம்.

முதலில் அதன் பக்கம் உள்ள நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். ஸோரா அர்க்கஸ்-டன்டவ் என்ற பொறியியல் நிபுணர், தாம் வடிவமைத்த கேமைப் பொருத்திய செவ்ரலேயின் கார்வெட் காரை 1956 ஜனவரியில் ஃபுளோரிடாவின் டேடோனா கடற்கரை மணலில் மணிக்கு 150 மைலுக்கும் சற்று மேலான வேகத்தில் ஓட்டிக் காட்டினார். அடுத்த ஆண்டு விற்பனைக்கு வந்த 283 கன அங்குல எஞ்சின், இரட்டைக் கார்புரேட்டரோடும் சாதாரண கேமோடும் 245 குதிரைத்திறன் என மதிப்பிடப்பட்டது. அதே கொள்ளளவும் அதே இரட்டைக் கார்புரேட்டரும் இருக்க, டன்டவ் கேம் ஏறியதும் மதிப்பு 270 ஆயிற்று. சிலிண்டரைக் குடையாமல், பிஸ்டனை மாற்றாமல், ஓர் இரும்புத் தண்டின் மேடுபள்ளங்களைத் திருத்திய மாத்திரத்தில் இத்தனை பலன் கிடைக்குமென்றால், குறைந்த செலவில் எஞ்சினின் சுபாவத்தையே மாற்றிவிடும் உறுப்பு கேம்ஷாப்டைத் தவிர வேறில்லை என்று இளைஞர்கள் கருதியதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

ஆனால் அந்தப் பலன் எங்கிருந்து வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். பிஸ்டன் கீழ்க்கோடியைத் தொட்டு மறுபடி மேலேறத் தொடங்கிய பிறகும் இன்டேக் வால்வு சிறிது நேரம் திறந்தே இருக்கிறது. எஞ்சின் நிமிஷத்துக்கு 5,500 சுற்றுச் சுற்றும்போது, பாய்ந்து வரும் காற்றும் பெட்ரோலும் கலந்த கலவை தன் வேகத்தின் பலத்தால், எதிர்த்து வரும் பிஸ்டனையும் பொருட்படுத்தாமல் சிலிண்டருக்குள் மேலும் நிரம்புகிறது. அதே எஞ்சின் 1,500 சுற்றில் ஓடும்போது அந்த வேகம் இல்லாமையால், உள்ளே வந்த கலவையின் ஒரு பகுதி வந்த வழியே திரும்பத் தள்ளப்படுகிறது. ஆகவே வால்வு மூடும் தருணத்தைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு டிகிரியும் மேல்வேகத்துக்குக் கொடுப்பதைக் கீழ்வேகத்திலிருந்து எடுத்தே கொடுக்கிறது. நகரத்துச் சாலையில் ஓடும் கார் தன் ஆயுளின் பெரும்பகுதியை 3,500 சுற்றுக்குக் கீழேதான் கழிக்கிறது என்பதை நினைத்தால், இந்தப் பண்டமாற்றில் நஷ்டப்படுபவர் யார் என்பது விளங்கும்.

இதற்கு மேலும் ஒரு கவர்ச்சி இருக்கிறது. அதுதான் ஐட்லிங்கில் எழும் தாறுமாறான உறுமல். அந்த உறுமலைக் கேட்டே கேம் வாங்குகிறவர்கள் ஏராளம். இன்டேக் வால்வும் எக்ஸாஸ்ட் வால்வும் ஒருங்கே திறந்திருக்கும் இடைவேளை நீண்டுவிட்டால், எரிந்த புகை இன்டேக் குழாய்க்குள் பின்வாங்கிப் புதிய கலவையைக் கெடுக்கிறது. சில சுழற்சிகளில் அது சரியாகப் பற்றுவதே இல்லை. காதுக்கு வீரமாக ஒலிப்பது எரிப்பின் கோளாறு. அதன் விளைவைப் பிரேக்கில் காணலாம். பிரேக் பூஸ்டர் எஞ்சின் உண்டாக்கும் வெற்றிடத்தை நம்பியே வேலை செய்கிறது. சாதாரண எஞ்சின் ஐட்லிங்கில் 18 அங்குலப் பாதரச அளவுக்கு வெற்றிடம் தரும் என்றால், பெரிய கேம் பூட்டிய எஞ்சினில் அது 10 அங்குலத்துக்கும் கீழே இறங்கிவிடக்கூடும். போக்குவரத்து நெரிசலில் ஊர்ந்து செல்லும்போது அடுத்தடுத்து இரண்டு மூன்று முறை மிதித்தால், பெடல் காலடியில் கட்டையாக விறைத்து நிற்கும். வேகத்துக்காகச் செய்த மாற்றம் வண்டியை நிறுத்தும் சக்தியைப் பறிப்பதைக் காட்டிலும் விபரீதம் வேறு உண்டோ?

தேர்ந்தெடுக்கிறவரைக் குழப்புவதில் விளம்பர எண்களுக்கும் பங்கு உண்டு. காம்ப் கேம்ஸ் நிறுவனத்தின் பெயர்பெற்ற கேம் ஒன்றின் பெயரிலேயே 268 என்ற எண் இருக்கிறது; ஆனால் டேப்பெட் 0.050 அங்குலம் எழும்பியதிலிருந்து கணக்கிட்டால் அதன் இன்டேக் கால அளவு 224 டிகிரிதான். முதல் எண்ணை வெவ்வேறு உற்பத்தியாளர் வெவ்வேறு உயரத்தில் அளப்பதுண்டாகையால், இரண்டு கேம்களை நேர்மையாக ஒப்பிட வேண்டுமானால் 0.050 அங்குல அளவையே கேட்டு வாங்க வேண்டும். 350 கன அங்குலச் செவ்ரலே எஞ்சினில் தொழிற்சாலையே பொருத்திய பல சாதாரணக் கேம்களுக்கு இந்த அளவு 195 டிகிரி. 195-க்கும் 224-க்கும் இடையிலேயே தெருக் காருக்கு வேண்டியதெல்லாம் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது.

இந்த விஷயத்தில் 1965-ஆம் ஆண்டு நமக்கு நல்ல சாட்சியம் தருகிறது. அந்த ஆண்டின் கார்வெட்டில் 327 கன அங்குல எஞ்சினை இரண்டு விதமான கேம்களோடு வாங்க முடிந்தது. ஒன்று, வால்வு இடைவெளியை அவ்வப்போது திறந்து சரிசெய்தே தீர வேண்டிய முரட்டுக் கேம். அதற்கு 365 குதிரைத்திறன். மற்றது ஹைட்ராலிக் டேப்பெட்டுகளோடு கூடிய சாந்தமான கேம், அதற்கு 350. வித்தியாசம் 15 குதிரைத்திறன் மட்டுமே. முன்னதன் சொந்தக்காரர் ஃபீலர் கேஜும் கையுமாக எஞ்சின் மீது குனிந்திருக்க, பின்னதன் சொந்தக்காரர் சாவியைத் திருகிப் புறப்பட்டுவிடலாம். பின்னதைத் தேர்ந்தவரையே நான் விவேகி என்பேன்.

கேம் தனித்து நிற்கும் உறுப்பு அல்ல என்பதையும் மறக்கலாகாது. வால்வு தாமதமாக மூடும் கேமுக்கு ஈடாகக் கம்ப்ரெஷன் உயர வேண்டும்; பின் அச்சின் கியர் விகிதம் 3.08-இலிருந்து 3.73 அளவுக்கு மாற வேண்டும். ஆட்டோமேட்டிக் கியர் வண்டியானால் டார்க் கன்வெர்ட்டரும் மாற வேண்டும். ஸ்பிரிங்குகளும் புதிய உயரத்தைத் தாங்க வேண்டும். இத்தனைக்கும் பிறகு வால்வு பிஸ்டன் மீது மோதாது என்ற நிச்சயம் வேண்டும். அனுபவசாலிகள் பிஸ்டன் தலையில் களிமண்ணை அப்பி, ஹெட்டைத் தற்காலிகமாக இறுக்கி, எஞ்சினைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி கழற்றுவார்கள். களிமண்ணில் வால்வின் தடம் பதிந்த இடத்தைக் கத்தியால் அறுத்து, மிகவும் மெலிந்த பகுதியின் கனத்தை அளப்பார்கள். இன்டேக் பக்கம் 0.080 அங்குலமும் எக்ஸாஸ்ட் பக்கம் 0.100 அங்குலமும் மீதி இருந்தால்தான் திருப்தியடைவார்கள். அரைமணி நேரத்து இந்தப் பொறுமை இல்லாதவர் பெரிய கேமைத் தொடவே வேண்டாம்.

ஆகையால் முதலில் கேமை வாங்கி மற்றவற்றை அதற்குத் தக்கபடி வளைக்கும் வழக்கத்தைத் தலைகீழாக்க வேண்டும் என்பதே என் முடிவு. காரின் எடை, கியர் விகிதம், கம்ப்ரெஷன், வண்டி உண்மையாகவே ஓடப்போகும் சாலை ஆகிய எல்லாவற்றையும் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு, அதன் பிறகே கேம் கடைக்காரரிடம் பேசுங்கள். அப்பொழுதும் இரண்டு கேம்களுக்கு இடையே மனம் ஊசலாடுமானால், தயங்காமல் சிறியதையே வாங்குங்கள்.