நிரையும் விரைவும்: டெட்ரிஸ் கைவிளையாட்டு பற்றிய ஒரு திறனாய்வு

நூலுக்குத் திறனாய்வு உண்டு, நாடகத்துக்கும் உண்டு, விளையாட்டுக்கு உண்டோ என வினவுவோர் உளர். விதி, வரம்பு, பயன் என்னும் மூன்றும் உடையது எதுவாயினும் அது ஆராயத்தக்கதே. செய்யுளுக்கு யாப்பு எவ்வாறோ விளையாட்டுக்கு விதியும் அவ்வாறே. விதி மாறின் பெயர் மாறாதிருப்பினும் பொருள் மாறிவிடும். இவ்வுண்மைக்கு டெட்ரிஸ் என்னும் கணினி விளையாட்டு தக்க சான்றாகும். அதன் கையடக்கப் பதிப்புகளுள் 1989இல் வந்ததும் 2006இல் வந்ததும் பெயரால் ஒன்று, இயல்பால் வேறு.

இவ்விளையாட்டு 1984ஆம் ஆண்டில் மொஸ்கோ நகரிலே தோன்றியது. சோவியத் விஞ்ஞானக் கழகத்தின் கணிப்பு நிலையத்திற் பணியாற்றிய அலெக்ஸி பஜித்னோவ் இதனை ஆக்கினார். ஐந்து சதுரங்கள் இணைந்து உண்டாகும் பன்னிரண்டு வடிவங்களைப் பெட்டியினுள் அடுக்கும் பழைய புதிர் ஒன்றே அவருக்குத் தூண்டுகோலாயிற்று. அவர் ஐந்தை நான்காகக் குறைத்தார், வடிவங்கள் ஏழாயின. அவர் கையாண்ட 'எலெக்ட்ரோனிக்கா 60' என்னும் கணினி படம் வரையும் ஆற்றல் அற்றது. ஆதலின் கட்டைகளை எழுத்துக் குறிகளாலேயே அமைத்தார். கருவியின் வறுமை விளையாட்டின் வளத்தைக் குறைக்கவில்லை.

விதிகள் மிகச் சிலவே. பத்துக் கட்ட அகலமுள்ள ஒரு கிணற்றினுள் கட்டைகள் ஒவ்வொன்றாக வீழ்கின்றன. ஆடுபவர் அவற்றைத் திருப்பலாம், இடம் பெயர்க்கலாம், நிறுத்துதல் இயலாது. ஒரு நிரை இடைவெளியின்றி நிரம்பினால் அது மறைந்துவிடும். இடைவெளி விழுந்த நிரை மறையாது நிற்கும். ஆட்டம் தொடரத் தொடர வீழ்ச்சியின் வேகம் மிகும். குவியல் கிணற்றின் வாயை எட்டினால் ஆட்டம் முடிந்தது. முதன்மையான ஆட்டத்தில் வெற்றி என ஒன்று வகுக்கப்படவில்லை. எவ்வளவு காலம் தாக்குப்பிடிக்கலாம் என்பதே வினா.

ஊவா மலைகளை அறிந்தோர்க்கு இவ்வமைப்பு முற்றிலும் அயலானதன்று. பதுளை, பசறை, லுணுகலை, அப்புத்தளைப் பகுதித் தோட்டங்களில் கொழுந்து பறிப்போர் தமக்குரிய நிரையைப் பிடித்தே மலையேறுவர். செடியின் தலை ஒரே மட்டமாய் இருத்தற்பொருட்டு மட்டக்கம்பை அதன்மீது வைத்துப் பார்ப்பர். பறித்த நிரைக்கு ஏறத்தாழ ஒரு வாரம் அல்லது பத்து நாளில் மீண்டும் வருதல் வேண்டும். மழைக்குப் பின் கொழுந்து விரைந்து தளிர்க்குங்கால் இன்னும் முன்னதாகவே வருதல் வேண்டும். காலந் தாழ்த்தினால் இலை முற்றிவிடும், மட்டம் கெடும். செவ்வனே பறித்த நிரையிற் காண்பதற்கு ஒன்றுமில்லை. தவறவிட்டதே கண்ணிற் படும். நிறைந்த நிரை மறைய, குறையுள்ள நிரை எஞ்சி நிற்கும் டெட்ரிஸின் நியதியும் இதுவே.

எனினும் இவ்வொப்புமைக்கு ஓர் எல்லை உண்டு. ஆட்டத்தில் தோற்றவர் மீண்டும் தொடங்கலாம், இழப்பதற்கு ஒன்றுமில்லை. தோட்டத்திலோ நிறுவையிற் குறைந்தால் அரைப்பேர் விழும். அதாவது, நாட்கூலி பாதியாகும். ஒன்றில் வேகத்தை ஆடுபவர் தாமே விரும்பி ஏற்கின்றார். மற்றதில் அளவைப் பிறர் விதிக்கின்றனர். இவ்வேறுபாட்டை மறந்து உழைப்பை விளையாட்டாகக் காண்பது பெரும் பிழையாகும். ஆயினும், ஒழுங்காகச் செய்த வேலை தடந்தெரியாது மறைதலை அறிந்த மக்கள், இவ்விளையாட்டின் உட்பொருளைப் பிறரினும் விரைவில் உணர்வர் எனலாம்.

தமிழ் யாப்பு கற்றோர்க்கும் இது எளிதில் விளங்கும். நிரை என்பது அசையின் பெயருமாம். வெண்பாவில் மாமுன் நிரையும், விளமுன்னும் காய்முன்னும் நேரும் வருதல் வேண்டும். நின்ற சீரின் இறுதியே வருஞ்சீரின் தொடக்கத்தை வரையறுக்கின்றது. அதுபோலவே, குவியலின் மேற்பரப்பு எவ்வாறு நின்றதோ அதுவே வருங் கட்டைக்குரிய இடத்தை வரையறுக்கின்றது. மேலும், புலவரை ஆசு, மதுரம், சித்திரம், வித்தாரம் என நால்வகைப்படுத்துவது மரபு. அவருள் ஆசுகவி, பிறர் கொடுத்த பொருளில், கொடுத்த அடிக்கு, கொடுத்த பொழுதிலேயே பாடுபவர். டெட்ரிஸ் ஆடுபவரும் அத்தகையரே: கட்டை அவர் தேர்ந்ததன்று; காலமும் அவருடையதன்று; பொருத்தம் ஒன்றே அவருடையது.

1989இல் நின்டெண்டோ நிறுவனத்தின் 'கேம் பாய்' கருவிக்கு வந்த பதிப்பு இவ்வாசுத்தன்மையைச் செவ்விதிற் காத்தது. நிறமற்ற சிறு திரை. பதினெட்டு நிரை உயரம். அடுத்து வரும் கட்டை ஒன்று மாத்திரமே முன்னறிவிக்கப்படும். ஏறத்தாழ 3.5 கோடிப் பிரதிகள் விற்பனையான இப்பதிப்பே விளையாட்டை உலகமெங்கும் பரப்பியது. அதன்பின், தெற்காசியக் கடைவீதிகளில் 1990களில் மலிவாக விற்கப்பட்ட சிறு கருவிகளும் இதன் சாயலையே கொண்டிருந்தன. எதிரெதிராக வளைந்த இரு வடிவங்கள் மாறிமாறி நெடுநேரம் வந்தால் எத்துணை வல்லவரும் தோற்பர் என்பதை 1997இல் கணித அறிஞர் ஒருவர் நிறுவினார். ஆகவே, கட்டைகள் குறியின்றி வரும் ஆட்டத்தை முடிவின்றி ஆடினால் தோல்வி உறுதி. இவ்வுறுதியே பழைய ஆட்டத்தின் வீறு.

2006ஆம் ஆண்டில் இரு திரைகளையுடைய 'நின்டெண்டோ டிஎஸ்' கருவிக்கு வந்த பதிப்பில் ஆறு வகை ஆட்டங்கள் இருந்தன. இருவர் ஒரே குவியலை எதிரெதிர்ப் பக்கங்களிலிருந்து தள்ளும் வகை புதுமையும் நயமும் உடையது. கோலால் திரையைத் தொட்டுக் கட்டைகளை நகர்த்தும் வகை வேகத்தை விடுத்துச் சிந்தனையை நாடுவது. ஒரே அட்டையைக் கொண்டு பத்துப் பேர் வரை கூடி ஆடலாம் என்பதும் பாராட்டத்தக்கது. தொலைவிலுள்ளோருடன் ஆடுதற்கிருந்த இணையச் சேவை 2014இல் நிறுத்தப்பட்டது; அருகிருந்து ஆடும் வசதியே நிலைத்தது.

முதன்மையான ஆட்டத்தில் இரு மாற்றங்கள் கருதத்தக்கன. ஒன்று, ஏழு வடிவங்களையும் ஒரு பையிலிட்டுக் குலுக்கி, ஏழும் வந்த பின்னரே மீண்டும் குலுக்கும் முறை. நீண்ட கோல் வாராதா என ஏங்கிக் கெடும் அவலம் இதனால் நீங்கிற்று. இது நீதி, ஏற்கத்தக்கது. மற்றையது, தரையைத் தொட்ட கட்டையையும் திருப்பிக்கொண்டே இருப்பின் அது நிலைகொள்ளாது என்னும் சலுகை. வேகம் எத்துணை மிகினும் ஆடுபவர் கட்டையைச் சுழற்றியவாறே வேண்டிய பொழுது சிந்திக்கலாம். இது நீதியன்று, தளை தட்டினும் வெண்பா என ஒப்புக்கொள்வது போன்றதாகும்.

தொடக்கநிலையினர்க்கு இஃது உதவுமே என்பர் சிலர். தொடக்கநிலையினர்க்கு உதவ மெதுவான முதற்படிகள் உள. இச்சலுகையோ எல்லாப் படிக்கும் உரியது. வேகத்துக்குப் பொருளில்லையெனின் படிகளை ஏற்றுவதாற் பயன் என்ன? பதிப்பாசிரியர் தாமும் இக்குறையை உணர்ந்தனர் போலும். முடிவு தானாக வாராமையால் 200 நிரைகளோடு ஆட்டம் நிறைவுறும் என ஒரு முடிவைப் புறத்தே நிறுத்தினர். அகத்தே எழவேண்டிய முடிவு புறத்தே விதிக்கப்படுமாயின் அது முடிவன்று, நிறுத்தமே. பின்வந்த பதிப்புகள் பலவற்றில் இச்சலுகை 15 அசைவுகளுக்குள் அடக்கப்பட்டமை இக்குறைக்குக் கிடைத்த திருத்தம் எனலாம்.

எனவே, 2006ஆம் ஆண்டுப் பதிப்பு பல வகையிலே செழுமையுடையதாயினும் தலைமையானதொன்றைத் தளர்த்திவிட்டது. முன்னறிவிப்பைக் கூட்டலாம், பங்கீட்டைச் சீராக்கலாம், நிறத்தையும் இசையையும் சேர்க்கலாம். இவை யாவும் அணிகள். காலத்தை ஆடுபவர் கையிற் கொடுத்தலோ உயிரை நீக்குதலாகும். ஆசுகவிக்கு அவகாசம் அளித்தால் நல்ல செய்யுள் பிறத்தல் கூடும். ஆனால் ஆசுகவி என்னும் பெயர் அதற்குப் பொருந்தாது.