விஸ்லர் எழுதிய இரவு

அமெரிக்காவிற் பிறந்து இலண்டனில் வாழ்ந்த யேம்ஸ் விஸ்லர், ஏறத்தாழ 1872 முதல் 1875 வரையான காலத்தில் எழுதிய பழைய பற்றசீப் பாலத்தின் இராக்காட்சி, இன்று அந்நகரின் ரேற் கலைக்கூடத்தில் உள்ளது. தேம்ஸ் நதியில் ஓங்கிய பாலத்தூண். அதன் அடியில் ஓடமும் ஓடக்காரனும். அப்பாற் கரையோர விளக்குகள். வானிற் சிதறும் வாணப்பொறிகள். காட்டப்பட்டவை சிலவேயாயினும், நோக்குவார்க்கு நதியின் ஈரமும் மூடுபனியும் புலனாகின்றன.

இஃது எங்ஙனம் கைகூடிற்று? விஸ்லர் ஆற்றங்கரையில் நின்று தீட்டினாரல்லர். இரவிலே படகிற் சென்று காட்சியை நெஞ்சிற் பதித்து, பின்னர்த் தம் கூடத்தில் நினைவினின்றே எழுதினார். இருளிற் சாயங்களைப் பிரித்தறிதல் அரிது. அன்றியும், நினைவு வேண்டாதவற்றைத் தானே உதிர்த்துவிடும். கருநிறம் பூசிய துணியின்மேல், எண்ணெயும் தெர்ப்பந்தைலமும் கலந்து நீர்போல இளக்கிய சாயத்தை அகன்ற தூரிகையால் நீள இழுத்தார். அது வழிந்தோடாதிருக்கத் துணியைத் தரையிற் கிடத்தவும் நேர்ந்தது. அடிநிறம் மேற்பூச்சினூடே தோன்றுதலாலேயே நீர் ஆழமுடையதாகின்றது. பொன்னிறப் புள்ளிகள் மிகச் சில. இன்னுஞ் சில கூடியிருப்பின் இரவு கலைந்து திருவிழா ஆகியிருக்கும்.

1877இல் யோன் றஸ்கின், வாணவேடிக்கையைக் காட்டும் இவ்வினத்து வேறோர் ஓவியத்தை, பொதுமக்கள் முகத்திற் சாயத்தை வீசியதற்கு ஒப்பென இகழ்ந்தார். முன்னர்த் தேணரின் ஓவியங்களுக்காக வாதாடியவரும் இவரே! விஸ்லர் வழக்குத் தொடுத்தார். 1878இல் நடந்த விசாரணையிற் பாலத்தின் ஓவியமும் மன்றிற் காட்டப்பட்டது. இரண்டு நாள் உழைப்புக்கோ இருநூறு கினி என வினவப்பட்டபோது, வாழ்நாளெல்லாம் ஈட்டிய அறிவுக்கே அவ்விலை என விடையிறுத்தார். தீர்ப்பு அவர் பக்கம். இழப்பீடோ பென்னியின் காற்பங்கு. வழக்குச் செலவும் பழைய கடனும் சேர, 1879இல் அவர் கடனிறுக்க வகையற்றவராயினார்.

துணியிலே தெரியும் உழைப்பையே றஸ்கின் அளந்தார். ஈரச்சாயம் உலருமுன் முடியவேண்டிய இம்முறையில், பிழைத்ததைத் திருத்தலாகாது. முழுவதையும் துடைத்துவிட்டு மீளத் தொடங்கல் வேண்டும். அவ்வாறு துடைக்கப்பட்ட உழைப்பு எவர் கண்ணுக்கும் தெரியாது.

எனினும் விஸ்லர் குறையற்றவரல்லர். யப்பானிய ஓவியங்களிற் கற்றவாறு தூணின் உயரத்தை மிகைப்படுத்தியது அழகே. ஆனாற் பாலத்தின் மேலுள்ள உருக்கள் மனிதரோ என மன்றிற் கேட்கப்பட்டபோது, விரும்பியவாறு கொள்க என்றார். மன்றுக்கு அவ்விடை போதும், ஓவியத்துக்குப் போதாது. கீழே நிற்கும் ஓடக்காரனுக்கு அளித்த கவனத்தை மேலுள்ளார்க்கு அவர் அளித்திலர்.