தூய்மை என்னும் அளவுகோல்: ஆங்கிலப் பேராலயக் குழுப்பாடலில் சுவை வேறுபாடுகள்

ஆய்வுச்சுருக்கம்

ஆங்கிலப் பேராலயக் குழுப்பாடலைப் பாராட்டுவோர் மிகுதியாகக் கையாளும் சொல் ‘தூய்மை’. சுருதித் துல்லியம், குரல் அதிர்வின்மை, உணர்ச்சி அடக்கம் ஆகிய மூன்று வேறு பண்புகளை அச்சொல் ஒன்றாகக் கலந்து சுட்டுகிறது. இருபதாம் நூற்றாண்டின் முதன்மையான பாடகர் குழுக்கள் சிலவற்றின் பாடுமுறைகளை ஒப்பிட்டு, அம்மூன்றையும் பிரித்தறிந்தாலன்றிச் சுவை வேறுபாடுகளை முறையாக மதிப்பிட இயலாது என்பதை இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது.

திறவுச்சொற்கள்: பேராலய இசை, பாடகர் குழு, குரல் நாதம், சுவை, மரபு, சங்கீதம்.

முன்னுரை

இங்கிலாந்துத் திருச்சபையின் பேராலயங்களிலும் சில கல்லூரிச் சிற்றாலயங்களிலும் மாலை வழிபாடு பாடகர் குழுவால் பாடப்பெறுகிறது. 1549இல் வெளிவந்த பொது வழிபாட்டு நூல் இவ்வழிபாட்டுக்கு ஆங்கில வடிவம் தந்தது. உச்சக்குரலைச் சிறுவர் பாட, அதற்கு அடுத்த குரலை ஆடவர் தம் இயல்புக் குரலுக்கு மேற்பட்ட மென்குரலில் பாட, கீழ்க்குரல்களை ஏனைய ஆடவர் பாடுவது வழக்கமான அமைப்பு. அமைப்பு ஒன்றாயினும் நாதம் ஒன்றன்று. எந்த நாதம் ‘உண்மையான’ ஆங்கில நாதம் என்னும் வினாவில் கேட்போரும் பாடுவோரும் நெடுங்காலமாக வேறுபட்டு நிற்கின்றனர்.

மரபின் வயது

கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரிக் குழுவின் அதிர்வற்ற, ஒருமித்த, மென்மையான நாதமே பலருக்கு மரபின் மறுபெயர். ஆயின் அந்நாதம் நூற்றாண்டுகளாக இடையறாது வந்ததெனக் கொள்ள வரலாறு இடந்தரவில்லை. பதினேழாம் நூற்றாண்டின் உள்நாட்டுப் போரும் அதனைத் தொடர்ந்த குடியரசும் பாடகர் குழுக்களைக் கலைத்தன. 1660இல் முடியாட்சி மீண்ட பின்னரே அவை மீண்டும் உருப்பெற்றன. 1849இல் சாமுவேல் செபாஸ்டியன் வெஸ்லி எழுதிய சிறுநூல் பேராலய இசையின் சீர்கேட்டைக் கடிந்துரைத்தது. 1872 முதல் இலண்டன் புனித பவுல் பேராலயத்தில் ஜான் ஸ்டெய்னர் மேற்கொண்ட சீர்திருத்தத்திற்குப் பின்னரே ஒழுங்கான குழுப்பாடல் பிற இடங்களுக்கும் முன்மாதிரியாயிற்று.

கிங்ஸ் நாதம் பெரிதும் இருபதாம் நூற்றாண்டின் ஆக்கம் என்பதைத் திமோத்தி டே 2018இல் வெளியிட்ட நூலில் விரிவாக எடுத்துக்காட்டினார். 1918இல் தொடங்கிய கிறிஸ்துமஸ் முன்மாலை வழிபாடு 1928 முதல் வானொலியில் ஒலிபரப்பாகத் தொடங்கியதும், பின்னர் இசைத்தட்டுகள் பெருகியதும் ஒரு சிற்றாலயத்தின் சுவையை ஒரு நாட்டின் சுவையாக்கின. ஆயின் ஒரு சுவை புதியது என்று காட்டுவதால் மட்டும் அது குறைவுடையது என்றாகிவிடாது. அச்சுவை எதனைத் தருகிறது, எதனை விலக்குகிறது என்பதே திறனாய்வுக்குரிய வினா.

இரு சிற்றாலயங்கள், இரு நாதங்கள்

கிங்ஸ் கல்லூரியில் 1957 முதல் 1974 வரை டேவிட் வில்காக்ஸ் குழுவை நடத்தினார். சில நிமிட நடைத்தொலைவிலுள்ள புனித யோவான் கல்லூரியில் 1951 முதல் 1991 வரை ஜார்ஜ் கெஸ்ட் நடத்தினார். காலமும் ஊரும் வழிபாட்டு நூலும் பொதுவாயினும், இரு குழுக்களும் இருவேறு நாதங்களை வளர்த்தன.

வில்காக்ஸின் முறையில் எந்தத் தனிக்குரலும் குழுவினின்று பிரிந்து ஒலிப்பதில்லை. சுமார் 24 மீட்டர் உயரமுள்ள கல்விதானத்தில் ஒலி நெடுநேரம் தங்குவதால், சிறு சுருதிப் பிழையும் மிகைப்பட்டுக் கேட்கும். மென்மையாக எழுப்பப்பட்ட ஒலியோ தானே விரிந்து மலரும். அந்நாதம் ஓரளவு அக்கட்டடத்தின் கொடை. கெஸ்ட் வளர்த்த நாதம் ‘ஐரோப்பிய நாதம்’ என்று அழைக்கப்பட்டது. சிறுவர் தலைக்குரலோடு நில்லாது மார்புக்குரலின் வலிமையையும் கலந்து பாடினர்; இயல்பாக எழும் அதிர்வு அடக்கப்படவில்லை. இவ்வழியில் அவருக்கு முன்னோடியாக நின்றவர், 1947 முதல் 1959 வரை வெஸ்ட்மின்ஸ்டர் கத்தோலிக்கப் பேராலயத்தில் பணியாற்றிய ஜார்ஜ் மால்கம். அவருடைய சிறுவர்களின் கூர்மையான நாதத்தை எண்ணியே பெஞ்சமின் பிரிட்டன் 1959இல் தம் குறுந்திருப்பலி இசையை இயற்றினார்.

ஹெர்பர்ட் ஹவல்ஸின் ஆக்கங்கள் இவ்வேறுபாட்டைத் தெளிவாக்குகின்றன. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் புனித யோவான் கல்லூரியில் இசைப்பொறுப்பு வகித்த அவர், கிங்ஸ், புனித யோவான், குளோஸ்டர், புனித பவுல் எனப் பல ஆலயங்களுக்குத் தனித்தனியே மாலை வழிபாட்டுப் பாடல்களை அமைத்தார். எதிரொலி மிக நீளும் புனித பவுல் பேராலயத்திற்கு எழுதியபோது சுரக்கூட்டுகளை மெல்ல நகர்த்தினார். இடத்திற்கேற்ப இசையே மாறுமெனில், எல்லா இடத்திற்கும் ஒரே நாதத்தை விதியாக்குவது எங்ஙனம் பொருந்தும்?

‘தூய்மை’யின் மூன்று பொருள்கள்

பாராட்டுரைகளில் வரும் ‘தூய்மை’ மூன்று பண்புகளைக் குறிக்கிறது. முதலாவது சுருதித் துல்லியம். இதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. மால்கமின் குழுவுக்கும் கெஸ்டின் குழுவுக்கும் அது இன்றியமையாதது. இரண்டாவது அதிர்வின்மை. இஃது ஓர் உத்தி. பல குரல் இழைகள் பின்னிச் செல்லும் பதினாறாம் நூற்றாண்டு இசையில் இழைகளைத் தெளிவுறக் காட்ட அது துணைபுரியும். ஹைடனின் திருப்பலி இசைகளிலோ அதே உத்தி இசையை வெளிறச் செய்யக்கூடும். மூன்றாவது உணர்ச்சி அடக்கம். இஃது இசைப்பண்பு அன்று. வழிபாட்டில் மனிதக் குரல் எவ்வளவு தன்னைக் காட்டிக்கொள்ளலாம் என்பது பற்றிய சமயக் கொள்கையும் சமூக வழக்கமும் ஆகும். முதலாவதற்குரிய மதிப்பை மூன்றாவதற்கும் வழங்குவதே இச்சொல்லால் விளையும் மயக்கம்.

இம்மயக்கம் ஆய்வுத்துறையையும் தொட்டது. டியூடர் காலத் திருச்சபைச் சுருதி இன்றையதைவிட ஏறத்தாழ மூன்று அரைச்சுரம் உயர்ந்தது என்னும் கருத்தை டேவிட் வுல்ஸ்டன் வலியுறுத்தி, தம் குழுவை அவ்வாறே பாடவைத்தார். மிக உயர்ந்து ஒளிரும் உச்சக்குரல் அக்கால இசையின் அடையாளமாயிற்று. பீட்டர் பிலிப்ஸ் 1973இல் தொடங்கிய டாலிஸ் ஸ்காலர்ஸ் முதலிய தொழில்முறைக் குழுக்களில் பெண்கள் அதிர்வற்ற குரலில் அவ்வுச்சத்தைப் பாடினர். பின்னர் ரோஜர் பவர்ஸ் முதலியோர் அச்சுருதிக் கொள்கையை மறுத்தனர். விரும்பப்பட்ட நாதம் சான்றுகளை நோக்கும் விதத்தையும் பாதிக்கக்கூடும் என்பதை இவ்விவாதம் எச்சரிக்கிறது.

சங்கீதமே உரைகல்

இரு நாதங்களையும் நடுநிலையில் ஒப்பிட ஏற்ற களம் சங்கீதம். நூற்றைம்பது சங்கீதங்களையும் ஒரு மாதத்தில் முடிக்கும்படி வழிபாட்டு நூல் பகுத்துள்ளது. ஒரு குறுஞ்சுரத்தொடர் ஒவ்வோர் அடிக்கும் திரும்பத் திரும்ப வரும். அடிகளின் நீளமோ மாறும். ஆகவே ஒரே சுரக்கூட்டில் பல அசைகளைப் பேச்சின் நடையில் பாட வேண்டும். இங்கு இசையமைப்பாளரின் திறம் பின்னிற்க, சொல் முன்னிற்கும்.

இக்களத்தில் கிங்ஸ் முறை நிதானத்தையும் தொடர்ச்சியையும் தருகிறது. புகழ்ச்சிக்கும் நம்பிக்கைக்கும் அது சிறப்பாகப் பொருந்தும். புலம்பலிலும் சினத்திலும் அதன் சமநிலை சொல்லின் காயத்தை மறைத்துவிடுகிறது. கெஸ்டின் முறையில் சொல்லுக்குச் சொல் நாதம் நிறம் மாறுகிறது. கைவிடப்பட்டவனின் முறையீடு முறையீடாகவே ஒலிக்கிறது. அமைதியான அடிகளிலோ அது சில வேளைகளில் தேவைக்கு மேல் அழுத்தம் கொள்கிறது. ஒரே சங்கீதத்துள் புலம்பலும் புகழ்ச்சியும் அடுத்தடுத்து வருவதால் இரண்டில் ஒன்று மட்டும் முழுமையாகப் போதுமானதாவதில்லை.

சிறுமியர் வருகையும் அளவுகோலும்

சுவை பற்றிய இவ்விவாதம் 1991இல் வேறு வடிவம் பெற்றது. அவ்வாண்டு சாலிஸ்பரி பேராலயம் சிறுமியருக்கெனத் தனிப் பாடகர் குழுவை அமைத்தது. பிற பேராலயங்கள் பின்தொடர்ந்தன. எதிர்ப்பாளர் சிலர் சிறுவர் குரலின் ஈடற்ற தூய்மையைச் சுட்டினர். முகம் காட்டாது குரலை மட்டும் கேட்கச் செய்து டேவிட் ஹோவர்ட், கிரகாம் வெல்ச் முதலியோர் நடத்திய சோதனைகளில், சிறுவரையும் சிறுமியரையும் பிரித்தறியும் திறன் பாடப்பட்ட படைப்பைப் பொறுத்து மாறியது. வேறுபாடு முற்றிலும் குரலில் மட்டுமே உறைந்திருப்பின் அவ்வாறு மாறியிராது.

எதிர்ப்பாளரின் மற்றொரு வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. சிறுவயதில் பாடாதவர் வளர்ந்தபின் ஆடவர் குரல்களை நிரப்ப வருவது அரிது. எனவே சிறுவரின் எண்ணிக்கை குறைந்தால் குழுவே நலியும் என்பது அவ்வாதம். அது வளம், பயிற்சி, இடப்பங்கீடு பற்றிய உண்மையான கவலை. அக்கவலையை அதன் பெயராலேயே விவாதிக்க வேண்டும். நாதத்தின் தூய்மை என்னும் போர்வையில் விவாதித்தால் அதற்குரிய தீர்வு கிட்டாது. 2022இல் புனித யோவான் கல்லூரி சிறுவரோடு சிறுமியரையும், ஆடவரோடு பெண்களையும் ஒரே குழுவில் சேர்க்கத் தொடங்கியது. ‘ஆங்கிலத் தன்மை’ குறைந்ததென முன்னர்க் கருதப்பட்ட நாதத்தின் இல்லமே இம்மாற்றத்தை ஏற்றது கருதத்தக்கது.

முடிவுரை

ஆங்கிலப் பேராலய நாதம் ஒன்றன்று. அதன் புகழ்பெற்ற இரு வடிவங்களும் ஒரே ஊரில், ஒரே தலைமுறையில் அருகருகே முதிர்ந்தவை. எனவே அவற்றுள் ஒன்றை மரபென்றும் மற்றதை விலகலென்றும் பிரிப்பது பொருந்தாது. சுருதித் துல்லியம் எல்லாக் குழுவுக்கும் பொதுவான கடமை. அதிர்வின்மை படைப்பும் கட்டடமும் வேண்டுமிடத்துக் கொள்ளும் உத்தி. உணர்ச்சி அடக்கம் காரணம் கூறி நிறுவப்பட வேண்டிய ஒரு தெரிவு. இம்மூன்றும் ‘தூய்மை’ என்னும் ஒரு சொல்லுள் அடங்கியிருக்கும் வரை, சுவை தீர்ப்பாகவும், தீர்ப்பு யார் பாடலாம் என்னும் விதியாகவும் மாறும். பாடப்படும் சொல்லுக்கு நாதம் என்ன செய்கிறது என்று கேட்பதே அம்மாற்றத்தைத் தடுக்கும் வழி.