பணத்தில் நீந்தும் வாத்து

டொனால்ட் வாத்தின் மாமன் ஸ்குரூஜைக் கேலிச்சித்திரங்களில் கண்டு வளர்ந்தவர் நம்மிற் பலர். 1947இல் கார்ல் பார்க்ஸ் படைத்த இக் கோடீசுவரன் நாணயக் குவியலிலே நீந்துவான், சிறுவர் சிரிப்பர். சிரிப்போடு உள்ளே நுழைவது எது?

1951இல் வெளிவந்த பார்க்ஸின் கதையொன்றைப் பார்ப்போம். சூறாவளி ஸ்குரூஜின் பணத்தை வாரி ஊரெங்கும் இறைக்கிறது. எல்லோரும் செல்வராகின்றனர், எவரும் உழைப்பதில்லை. டொனால்டின் மருமக்கள் மூவருடன் பண்ணையில் பயிரிடும் ஸ்குரூஜோ முட்டையையும் கோவாவையும் கொள்ளை விலைக்கு விற்று, இறைந்த பணம் முழுவதையும் மீட்டுவிடுகிறான்.

உழைப்பின்றேல் பணம் வெறுங் காகிதம். இதைச் சிறுவர் சித்திரக் கதையிலே சொன்ன கலைஞன் பாராட்டுக்குரியவன்தான். ஆனால் அதே மூச்சில், உழைப்பவனிடமே பணம் சேரும் என்றும் சொல்லிவிடுகிறான். இரணைமடுக் குளத்து நீரில் நெல் விளைவிக்கும் கிளிநொச்சிக் கமக்காரனிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்! விதைநெல்லுக்குக் கடன், உரத்துக்குக் கடன். அறுவடையானதும் நெல் கடனுக்கே போகிறது. வன்னிப் பெண்களை நுண்கடன் நெரித்த கதையையும் நாடறியும். வறட்சி மாவட்டங்களில் அக் கடன்களைத் தள்ளுபடி செய்வதாக 2018இல் அரசே அறிவிக்க நேர்ந்தது. அவர்களெல்லாம் சோம்பிக் கிடந்தவர்களா?

பண்ணை யாருடையது என்பதைப் பார்க்ஸ் கேட்கவில்லை. அச் சிறுவர் மூவரும் அங்கே பாடுபட்டவர்களே; பணமோ ஸ்குரூஜின் களஞ்சியத்தையே சேர்ந்தது.