வல்லம் வடகாலின் 18,720 படுக்கைகள்

2024 ஆகஸ்ட் 17 அன்று ஸ்ரீபெரும்புதூரை அடுத்த வல்லம் வடகாலில் முதல்வர் மு.க. ஸ்டாலின் திறந்து வைத்த குடியிருப்பின் அளவே மலைக்க வைக்கும். மாநில அரசின் தொழிற்பேட்டை நிறுவனமான சிப்காட்டின் 20 ஏக்கர் நிலம். பத்து மாடிகளோடு 13 கட்டடங்கள். கட்டடத்துக்கு 240 அறைகள். அறைக்கு ஆறு பேர். 706.50 கோடி ரூபாய் செலவில் எழுந்த இந்த வளாகத்தில், ஆப்பிளுக்கு ஐபோன் செய்துதரும் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் 18,720 பேர் தங்கலாம். அதற்கு முந்தைய மாதம்தான், தொழிலாளர்களுக்கான வாடகை விடுதிகளை அரசும் தனியாரும் சேர்ந்து கட்டும் என்று மத்திய பட்ஜெட் அறிவித்திருந்தது. மற்ற ஊர்களும் வல்லம் வடகாலைப் பார்த்துக் கட்டப்போகின்றன என்பதால், இதன் நிறைகுறைகளை இப்போதே எடைபோட வேண்டும்.

இப்படியொரு கட்டடம் ஏன் தேவைப்பட்டது என்பதை 2021 டிசம்பர் சொல்லும். ஆலைத் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றில் கெட்ட உணவால் 159 பெண்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சிலர் இறந்துவிட்டதாக வதந்தி பரவ, சக தொழிலாளர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்தார்கள். தரையில் படுக்கை, தண்ணீர் வராத கழிப்பறை என்று விடுதிகளின் நிலை வெளியே தெரிந்தது. தங்குமிடங்கள் சில தன் விதிகளுக்கு ஏற்ப இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டு, ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. மூடிய ஆலை 2022 ஜனவரி 12-இல்தான் திறந்தது.

அந்தக் கோபத்துக்குக் கிடைத்த பதில் என்ற அளவில் இந்தத் திட்டம் பெரிய சாதனை. கணக்குப் பார்த்தால் ஒரு படுக்கைக்கு 3.77 லட்சம் ரூபாய் ஆகிறது. மாத வாடகையை மட்டும் நம்பி விடுதி நடத்தும் தனியார் யாரும் இவ்வளவு போடமாட்டார்கள். ஸ்டேட் வங்கியின் 498 கோடிக் கடனும், படுக்கைக்கு 20,000 ரூபாய் வீதம் மத்திய அரசு தந்த 37.44 கோடியும், சிப்காட்டின் நிலமும் சேர்ந்ததால்தான் இது முடிந்தது. அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. ஊர் ஊராகச் சிதறிக் கிடந்த விடுதிகளில் என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. சிப்காட்டுக்குச் சொந்தமான கட்டடத்தில் தண்ணீர் வராவிட்டால் சட்டமன்றத்திலேயே கேள்வி கேட்கலாம்.

குறை எங்கே? படுக்கை வேலையோடு கட்டப்பட்டிருக்கிறது.

ஒரே கம்பெனியின் தொழிலாளர்களுக்கென்று ஒதுக்கிய விடுதியில் வேலை போனால் தங்குமிடமும் போகும். ஓவர்டைம் மறுக்கவோ சங்கத்தில் சேரவோ நினைக்கும் இளம்பெண், பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். பொதுப் பணத்தில் எழுந்த வீடு முதலாளியின் கையை வலுப்படுத்தக் கூடாது.

இரண்டாவது குறை அறையின் அமைப்பிலேயே இருக்கிறது. மணமான பெண்களை இந்த ஆலை வேலைக்கு எடுக்காமல் ஒதுக்குவதாக 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. நிறுவனம் அதை மறுத்தது. மத்திய தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. மறுப்பை அப்படியே ஏற்றாலும், ஆறு பேர் படுக்கும் அறையில் கைக்குழந்தையோடு ஒரு தாய் எப்படி இருப்பாள்? மணமாகும் நாளில் விடுதி வாழ்க்கை முடிகிறது. பலருக்கு அதோடு வேலையும் முடியும். அருகிலுள்ள ஒரகடத்திலும் சுங்குவார்சத்திரத்திலும் ஒரே அறையை வாடகைக்கு எடுத்துப் பலராகத் தங்கும் மற்ற ஆலைகளின் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கும் இங்கே இடமில்லை.

ஆயிரக்கணக்கானோரை ஓரிடத்தில் குவிப்பதன் ஆபத்தை உலகம் ஏற்கெனவே பார்த்துவிட்டது. சீனாவின் ஷென்சென் நகரில், இதே ஃபாக்ஸ்கானின் வளாகத்தில் 2010-இல் இளம் தொழிலாளர்கள் அடுத்தடுத்துத் தற்கொலை செய்துகொண்டார்கள். கட்டடங்களைச் சுற்றி வலை கட்ட வேண்டிவந்தது. சிங்கப்பூரில் 2020-இல் கொரோனா தொற்றியவர்களில் மிகப் பெரும்பாலோர் விடுதிகளில் நெருக்கியடித்துத் தங்கியிருந்த வெளிநாட்டுத் தொழிலாளர்களே. அவர்களில் தமிழர்களும் பலர்.

ஆகவே, கட்டலாமா வேண்டாமா என்பது இனி விவாதமே இல்லை, கட்டத்தான் வேண்டும். அடுத்த வளாகத்துக்கு வரைபடம் போடும் முன் சிப்காட் மூன்று நிபந்தனைகளை எழுதிக்கொள்ளட்டும்: வாடகை ஒப்பந்தம் தொழிலாளியின் பெயரில் இருக்க வேண்டும், வேலை போனாலும் சில மாதங்கள் தங்க உரிமை வேண்டும், வீடுகளில் ஒரு பங்கு, சமையலறையும் குழந்தைகள் காப்பகமும் சேர்ந்த குடும்பக் குடியிருப்பாக இருக்க வேண்டும். நிலமும் மானியமும் மக்களுடையவை என்பதால், இவற்றைக் கேட்கும் அதிகாரம் அரசிடம் இருக்கிறது.